கார் டயர் மாற்றும்போது: எந்த அளவு பொருந்தும், எதைச் சட்டம் ஏற்கும்

கார் டயரின் பட்டன், அதாவது அதன் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் அந்த டயரோடு சாலையில் ஓடக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 94-ஆம் விதி. புதிய கார் டயரில் இந்தப் பள்ளங்களின் ஆழம் ஏழு, எட்டு மில்லிமீட்டர் இருக்கும். தேய்மானத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகளை வார்த்தே விட்டிருப்பார்கள். அவை இருக்கும் இடத்தைப் பக்கச்சுவரில் உள்ள ‘டிடபிள்யூஐ’ என்ற எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ காட்டும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் மொட்டையாகிவிட்டது என்று பொருள். உள்ளிழை வெளியே தெரியும் அளவுக்கு அறுபட்ட டயரையும், ஓரிடத்தில் புடைத்துக்கொண்ட டயரையும் இதே விதி பாதுகாப்பற்றவை என்று ஒதுக்குகிறது. பக்கச்சுவரின் உள்ளிழைகள் அறுந்தபின் உள்ளிருக்கும் காற்று வெறும் ரப்பரைத் தள்ளிக்கொண்டு நிற்பதுதான் புடைப்பு. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயரை அதற்குமேல் நம்ப முடியாது. பஞ்சர் கடையில் அதற்கு வைத்தியமும் கிடையாது.

1.6 மில்லிமீட்டர் என்பது சட்டத்தின் கடைசி எல்லை. பாதுகாப்பு அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடுகிறது. டயரின் பள்ளங்கள் இருப்பதே, சாலையில் தேங்கிய நீரை ஓரத்துக்குத் தள்ளி ரப்பரைத் தார்ச்சாலையோடு சேர்த்துவைக்கத்தான். பள்ளம் குறையக் குறைய, வேகமாகப் போகும் கார் நீர்ப்படலத்தின் மேலேறி மிதக்கும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் கார் கேட்காது. அதனால் 3 மில்லிமீட்டர் அளவிலேயே டயரை மாற்றிவிடுவது நல்லது என்று துறை சார்ந்தவர்கள் பலரும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த நிலைக்கு வந்துவிட்ட டயரை அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மாற்றிவிட வேண்டும். மழை நின்றபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அந்த டயருக்குக் கடினமான மாதங்களை அதை வைத்தே கடக்க நேரிடும்.

அதிகம் ஓடாத கார்களில் தேய்மானத்தைவிட வயதே டயரை முடிக்கிறது. ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகி, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். டயர் பிறந்த தேதி டயரிலேயே இருக்கிறது. ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் முடிவில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றிருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டுகள் ஓடிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பதும், எப்படி இருந்தாலும் தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குமேல் ஓட்டக் கூடாது என்பதும் பெரிய டயர் நிறுவனங்களின் அறிவுரை. புது டயர் வாங்கும்போதும் இந்த நான்கு இலக்கங்களைப் பார்த்துவிடுவது முறை. கிடங்கில் இரண்டு மூன்று ஆண்டுகள் கிடந்த டயரை அன்றைய விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த கேள்வி அளவு. உதாரணத்துக்கு 185/65 ஆர்15 88எச் என்ற டயரை எடுத்துக்கொள்ளலாம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. இங்கே அது சுமார் 120 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்பது ரேடியல் கட்டமைப்பு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதுவரை உள்ளவை எல்லோரும் பார்க்கும் எண்கள். அவற்றுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘88எச்’ என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பாதுகாப்புக்கும் சட்டத்துக்கும் முக்கியமானது அதுதான். 88 என்பது சுமைக் குறியீடு. அந்த ஒரு டயர் அதிகபட்சம் 560 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். 82 என்றால் 475 கிலோ, 84 என்றால் 500, 85 என்றால் 515, 91 என்றால் 615, 94 என்றால் 670. கடைசி எழுத்து வேகக் குறியீடு. ‘டி’ என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், ‘எச்’ என்றால் 210, ‘வி’ என்றால் 240.

இந்தியச் சாலைகளில் 190-ஐத் தொடவே வழியில்லாதபோது வேகக் குறியீட்டை எதற்குப் பார்ப்பது என்ற கேள்வி எழலாம். வேகக் குறியீடு உயர்ந்த டயர் சூட்டைத் தாங்கும் விதத்தில் கட்டப்பட்டது. மே மாத வெயிலில், முழுச் சுமையோடு, காற்றழுத்தம் கொஞ்சம் குறைந்த நிலையில் நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஓடும் காருக்கு அந்தத் தாங்குதிறன் வேண்டியதாகிறது. தயாரிப்பாளர் சொன்ன சுமைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது.

தயாரிப்பாளர் சொன்ன அளவு எது என்பதை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சிறு வில்லையில் பார்க்கலாம். டயர் அளவோடு, இருவர் மட்டும் போகும்போதும் முழுச் சுமையோடு போகும்போதும் வைக்க வேண்டிய காற்றழுத்தமும் அதில் இருக்கும். காரோடு வரும் கையேட்டிலும் அது உண்டு. பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் ஏற்கனவே அளவை மாற்றியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் டயரைப் பார்த்து அதே அளவை வாங்குவது தவறைத் தொடர்வதாகிவிடும்.

‘ஒரு சைஸ் ஏத்திப் போட்டுக்குங்க சார், கிரிப் நல்லா இருக்கும்’ என்பது டயர் கடைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. இதில் பாதி உண்மை இருக்கிறது. உலர்ந்த சாலையில், நல்ல டயராக இருந்தால், சற்று அகலமான டயர் வளைவுகளில் கூடுதல் பிடிப்பு தரும். ஆனால் அகலம் கூடினால் சாலையைத் தொடும் பரப்பும் அதே அளவுக்குக் கூடிவிடுவதில்லை. அந்தப் பரப்பைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் காரின் எடையும் டயரின் காற்றழுத்தமும்தான். அகலமான டயரில் அந்தப் பரப்பு பக்கவாட்டில் விரிந்து, நீளத்தில் குறுகுகிறது. அதனால் மழைநீரில் நிலைமை தலைகீழாகிறது. அகலமான டயர் ஒரே நேரத்தில் அதிக நீரைத் தள்ள வேண்டியிருப்பதால், சீக்கிரமே நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங் கனக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும். ‘அகலம் கூடினால் பாதுகாப்பு கூடும்’ என்ற நம்பிக்கை மழைச் சாலையில் ஆளைக் கைவிட்டுவிடும்.

அளவை மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது டயரின் மொத்த விட்டம். மேலே சொன்ன 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 195/60 ஆர்15 போட்டால் 615. ஒரு சதவீதம்தான் குறைவு. 205/60 ஆர்15 என்றால் 627, ஒரு சதவீதத்துக்குள் கூடுதல். 205/65 ஆர்15 என்றால் 647.5 ஆகி, நான்கு சதவீதத்துக்குமேல் கூடிவிடுகிறது. அகலம் 205-ஆகவே இருக்க, விகிதம் 60-இலிருந்து 65-ஆனதால் வந்த வித்தியாசம் இது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு கார் அதிக தூரம் போகிறது. ஸ்பீடோமீட்டர் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. அது 100 காட்டும்போது உண்மை வேகம் முன்பைவிட நான்கு சதவீதம் கூடியிருக்கும். வேகக் கேமரா இருக்கும் சாலையில் அதற்கான அபராதம் ஓட்டுநருக்குத்தான். ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது கார் ஏறத்தாழ 10,400 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இதற்கெல்லாம் கிடைக்கும் பலன் தரை இடைவெளியில் 13 மில்லிமீட்டர். வேகத்தடையில் அடிபடாமல் இருக்கத்தான் பலரும் இப்படி ஏற்றுகிறார்கள். 13 மில்லிமீட்டரால் தப்பும் வேகத்தடைகள் குறைவு.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அலாய் வீல் ஆசையில் 15 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 16 அங்குலம் போட்டு, அதில் 195/50 ஆர்16 84 டயரைப் பொருத்துகிறார்கள். பார்வைக்குச் சக்கரம் பெரிதாகத் தெரிந்தாலும் மொத்த விட்டம் 601 மில்லிமீட்டராக, மூன்று சதவீதத்துக்குமேல் குறைந்துவிடுகிறது. அதைவிட மோசமானது சுமை. 88 குறியீட்டில் 560 கிலோ தாங்கிய இடத்தில் 84 குறியீட்டு டயர் 500 கிலோதான் தாங்கும். நான்கு டயரிலும் சேர்த்து 240 கிலோ குறைகிறது. அது மூன்று பெரியவர்களின் எடை. வீட்டில் ஐந்து பேரும் ஏறி, டிக்கியில் பைகளும் அடுக்கி ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் அந்தப் பற்றாக்குறை தெரியும். அதே 16 அங்குல ரிம்மில் 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9. அசலோடு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. அதன் சாதாரண வகைக்குச் சுமைக் குறியீடு 87, அதாவது 545 கிலோ. கூடுதல் சுமைக்கான ‘எக்ஸ்எல்’ வகைக்கு 91. எக்ஸ்எல் டயர் அந்தச் சுமையை முழுதாகத் தாங்க அதற்குரிய கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். பழைய அழுத்தத்திலேயே விட்டால் அந்தப் பலன் கிடைக்காது. பேட்டரியின் எடையால் கனத்துவிடும் மின்சாரக் கார்களில் இந்தக் கணக்கை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும்.

பக்கச்சுவர் குட்டையாகும்போது குழியில் விழும் அடி நேரே ரிம்முக்குப் போகிறது. நம் ஊர்ச் சாலைகளில் புடைப்புகளும் வளைந்த ரிம்களும் குட்டை டயர்களில் அதிகம் வருவதற்கு இதுதான் காரணம். ரிம்மின் அகலமும் பொருந்த வேண்டும். 185/65 ஆர்15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரையும், 205/60 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7.5 அங்குலம் வரையும் அகலமுள்ள ரிம்கள் ஏற்கப்பட்டவை. குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் அதன் நடுப்பகுதி வளைந்து எழும்பி, ஓரங்கள் சாலையில் சரியாகப் படாது. நட்டு இடைவெளியோ நடுத்துளையோ தவறினால் ரிம் சரியாக அமராது. ரிம் உள்ளே வெளியே அமரும் அளவு தவறினால் டயர் சஸ்பென்ஷனிலோ மட்கார்டிலோ உரசும். முழுவதும் திருப்பிய நிலையிலும், முழுச் சுமையிலும் உரசுகிறதா என்று பார்க்காமல் கடையை விட்டுக் கிளம்பக் கூடாது.

விட்டத்தில் மூன்று சதவீதம்வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது டயர் வணிகத்தில் புழங்கும் கணக்கு. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வரம்பு என்று பலர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படியொரு எண் இல்லை.

சட்டம் இதை வேறு வழியில் அணுகுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் விதத்தில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. எது மாற்றம் என்பதற்கு அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது: வாகனத்தின் அடிப்படைத் தன்மை மாறிப்போகும் அளவுக்கு அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புகளிலிருந்து வேறுபடும் மாற்றங்களை ஏற்க முடியாது என்று இந்தப் பிரிவைக் கண்டிப்பாகப் பொருள் கொண்டது. டயரைப் பற்றிய வழக்கு அல்ல அது. ஆனாலும் வாகனத்தை மாற்றி அமைப்பது குறித்த பேச்சு எதுவும் இன்று அந்தத் தீர்ப்பைத் தொடாமல் போவதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவின் 4-ஆம் உட்பிரிவு தண்டனையைச் சொல்கிறது. அனுமதிக்கப்படாத முறையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் பாகங்களையும் அந்த உட்பிரிவு பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள டயரின் எண்ணிக்கை, தன்மை, அளவு மூன்றையும் பதிவுச் சான்றில் எழுத வேண்டும் என்று 58-ஆம் பிரிவு சொல்கிறது. அளவை மாற்றினால் சான்றோடு நேரடியாக முரண்படும். சொந்தக் காரின் பதிவுச் சான்றில் டயர் அளவு இருக்காது. அங்கேதான் சாம்பல் நிறப் பகுதி தொடங்குகிறது. ஒரு சைஸ் மாறிய டயர் வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்று வாதிட இடமுண்டு. மட்கார்டை விட்டு வெளியே துருத்தும் டயருக்கும், காரைத் தூக்கி நிறுத்தும் பெரிய சக்கரத்துக்கும் அந்த வாதம் நிற்காது. ஜெர்மனியில் இப்படி ஊகிக்க வேண்டியதில்லை. அந்த மாடலுக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவுகள் ஆவணத்தில் இருக்கும். வேறு அளவு வேண்டுமென்றால் டூஃப் போன்ற அமைப்பின் வல்லுநரிடம் சோதித்துச் சான்று பெற வேண்டும். பெறாமல் ஓட்டினால் வாகனத்தின் இயக்க அனுமதியே செல்லாமல் போகக்கூடும்.

சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு வழி இந்தியாவிலும் இருக்கிறது. ஒரே மாடலின் வெவ்வேறு வகைகளுக்குத் தயாரிப்பாளரே வெவ்வேறு டயர் அளவுகளைத் தருவதுண்டு. 2018-இல் வந்த மாருதி சுசுகி ஸ்விஃப்டில் கீழ்நிலை வகைகளுக்கு 165/80 ஆர்14, மேல்நிலை வகைக்கு 185/65 ஆர்15. இரண்டின் விட்டமும் முறையே 619.6, 621.5 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் வித்தியாசம் கண்டுகொள்ள முடியாத அளவே. கீழ்நிலை வகை வைத்திருப்பவர் அகலமான டயரை விரும்பினால், மேல்நிலை வகையின் ரிம்மையும் டயரையும் சேர்த்தே வாங்கிக்கொள்வது தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த அளவுக்குள் நிற்பதாகும். எந்தக் கடையின் யோசனையையும்விட இது நம்பகமானது.

காப்பீட்டுக் கோணத்தையும் மறந்துவிடக் கூடாது. காரில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது அது தகராறுக்கு இடம் கொடுக்கும். விபத்துக்கு டயரே காரணம் என்று ஆய்வாளர் எழுதிவிட்டால் இன்னும் சிக்கல். டயர் மட்டும் கிழிந்தால் சாதாரணக் காப்பீடு எதுவும் தராது. காரும் சேர்ந்து சேதமடைந்தால்தான் டயருக்கு, அதுவும் மாற்றும் செலவில் பாதி மட்டுமே கிடைக்கும். ஏபிஎஸ், சில கார்களின் டயர் அழுத்தக் கண்காணிப்பு ஆகியவை சக்கரச் சுழற்சியை நம்பி இயங்குபவை என்பதால், அளவு மாறிய டயரால் அவற்றில் கோளாறு வந்தால் உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகும்.

அளவு முடிவானபின் தரத்தைப் பார்க்கலாம். 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதற்கான தரநிலை ஐஎஸ் 15633. 2022 ஜூனில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 95-ஆம் விதியைத் திருத்தி, உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, ஈரச் சாலையில் பிடிப்பு, உருளும் ஓசை ஆகிய மூன்றுக்கும் ஏஐஎஸ் 142 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. எதிர்ப்பைக் குறைத்து மைலேஜ் தரும் ரப்பர் கலவை, ஈரத்தில் பிடிப்பை விட்டுக்கொடுக்கப் பார்க்கும். இரண்டையும் ஒருசேரத் தரும் டயருக்கு விலை கூடும். நகரத்துக்குள் அலுவலகம் போய்வரும் காருக்கு மைலேஜ் டயர் போதும். மலைப்பாதையிலும் மழையிலும் அதிகம் ஓடும் காருக்கு ஈரப்பிடிப்புக்காகக் கொஞ்சம் செலவழிப்பது நியாயமான செலவு.

திருவொற்றியூரில் எம்ஆர்எஃப், ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய்க்கண்டிகையில் மிஷ்லின் என்று டயர் ஆலைகள் சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. வழக்கமான அளவுகள் எளிதில் கிடைக்கும். 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபிறகு, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அபூர்வ அளவுகள் கிடைப்பது கடினமானது. பெரிய அலாய் வீலை ஆசையாகப் பொருத்துபவர் நாலு டயரை மட்டுமல்ல, பாதி வழியில் ஒன்று கிழிந்தால் அதே அளவு எங்கே கிடைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நான்கையும் ஒருசேர மாற்றுவது உத்தமம். இரண்டுதான் முடியும் என்றால், ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பு, ஒரே வடிவமைப்பாக இருக்க வேண்டும். புதியவை பின்பக்கம் போக வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்களே சீக்கிரம் தேய்வதால், புதியவற்றை அங்கே போடத்தான் மனம் சொல்லும். ஆனால் ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் கார் திடீரென்று சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை அடக்க முடியாது. முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் விட்டம் அதிகம் வேறுபட்டால் கியர் அமைப்பே பழுதாகும். புது டயர் பொருத்தியவுடன் வீல் பேலன்சிங்கும், அலைன்மென்ட் சோதனையும் தவறாமல் செய்ய வேண்டும்.

ஸ்டெப்னி கடைசியில் நினைவுக்கு வருகிறது. பல கார்களில் இப்போது அது மற்ற டயர்களைவிட ஒல்லியாக, மணிக்கு 80 கிலோமீட்டர் வரம்போடு வருகிறது. பஞ்சர் கடை வரை போய்ச்சேரத்தான் அது. டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள, ட்யூப்லெஸ் டயர் பொருத்திய கார்களுக்கு ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-இல் விதி தளர்ந்தது. நான்கு டயரையும் வேறு அளவுக்கு மாற்றியவரின் டிக்கியில் பழைய அளவு ஸ்டெப்னிதான் கிடக்கும். விட்டம் ஒன்றாக இருந்தால் சிக்கல் பெரிதில்லை. வேறாக இருந்தால் அதை இழுக்கும் அச்சில் போட்டு நீண்ட தூரம் ஓட்டக் கூடாது. அதன் காற்றழுத்தத்தையும் மாதம் ஒருமுறை மற்ற நான்கோடு சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.